டீசல் மோட்டார்ஹோமுக்கு எந்தச் சைலன்சர்? ஒட்டு, அசல், லாரிச் சைலன்சர், ஸ்டெயின்லெஸ்: ஓர் ஒப்பீடு

இந்த ஏப்ரலில் மட்டும் மூன்று நண்பர்கள் ஒரே கேள்வியோடு என்னைக் கூப்பிட்டார்கள். மூவரும் கனடாவின் ஒன்டாரியோவில் இருப்பவர்கள். மூவரிடமும் இருபது வயதைத் தாண்டிய, பின்பக்கம் என்ஜின் உள்ள டீசல் மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே தங்கும் வீட்டு வண்டி. குளிர்காலம் முழுக்க மூடிக் கிடந்த வண்டியை ஸ்டார்ட் செய்தால் பின்னாலிருந்து புதிதாக ஓர் உறுமல். குனிந்து பார்த்தால் சைலன்சரின் வயிற்றில் ஓட்டை. "அண்ணே, அசல் பாகத்துக்கு ஒரு விலை சொல்றாங்க, லாரிப் பட்டறையில அதுல கால்வாசி சொல்றாங்க, வெல்டர் ஒருத்தர் ஒட்டுப் போட்டாலே போதும்கிறார். எதைச் செய்யறது?" என்றார் ஒருவர்.

என்னிடம் இருப்பது 2001 மாடல், 36 அடி வண்டி. ஃப்ரைட்லைனர் சேசிஸ் (அடிச்சட்டம்), பின்னால் கம்மின்ஸ் 5.9 லிட்டர் ஐ.எஸ்.பி. என்ஜின். அதன் சைலன்சரை நான் ஒரு தடவை ஒட்டியிருக்கிறேன், ஒரு தடவை மாற்றியிருக்கிறேன். நண்பர் சொன்ன மூன்று வழிகளோடு இன்னும் இரண்டு வழிகளும் உண்டு. எது நல்லது என்று ஒரே பதில் கிடையாது. ஆனால் எல்லோரும் சைலன்சரின் விலையை வைத்து யோசிக்கிறார்கள். முடிவு செய்ய வேண்டியது வேறு சிலவற்றை வைத்து.

## முதலில் என்ஜின் தகட்டைப் பாருங்கள்

வண்டியின் மாடல் ஆண்டு முக்கியமில்லை, என்ஜின் தயாரான ஆண்டுதான் முக்கியம். அது என்ஜினில் உள்ள விவரத் தகட்டில் இருக்கும். அமெரிக்காவில் கனரக டீசல் என்ஜின்களின் புகை விதிகள் 2007-ல் கடுமையாயின. அதன்பிறகு வந்த என்ஜின்களில் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி உண்டு, சத்தத்தை அடக்கும் வேலையையும் பெரும்பாலும் அதுவே செய்துவிடும். 2010 விதிகளோடு, புகையைச் சுத்தப்படுத்தும் யூரியாக் கரைசலான டெஃப் திரவம் ஊற்றும் அமைப்பும் சேர்ந்துகொண்டது. இந்த வண்டிகளில் வடிகட்டியைக் கழற்றிவிட்டு வெறும் சைலன்சரை மாட்டுவது அமெரிக்கக் காற்றுத் தூய்மைச் சட்டத்துக்கு விரோதம். அந்தப் பேச்சை எடுக்கும் பட்டறையில் நிற்காமல் கிளம்பிவிடுங்கள்.

2007 மாடல் என்று பதிவான மோட்டார்ஹோம்கள் பலவற்றில் 2006-ல் செய்த பழைய வகை என்ஜினே இருக்கிறது. அதனால்தான் தகட்டைப் பார்க்கச் சொல்கிறேன். பழைய வண்டிகளிலும் சிலவற்றில் சைலன்சருக்கு உள்ளேயே புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிஸ்ட் இருக்கும். அப்படி இருந்தால் அதே வகைதான் திரும்பவும் போக வேண்டும். கீழே நான் சொல்வதெல்லாம் வடிகட்டி இல்லாத, 2007-க்கு முந்தைய என்ஜின்களுக்கு.

## எதை வைத்து எடை போடுவது

பொருத்தம். பின் என்ஜின் வண்டியில் சைலன்சர் தொங்கும் இடம் பெரும்பாலும் படுக்கையறைக்கு நேர் கீழே, என்ஜினுக்குப் பக்கத்தில். ஒரு பக்கம் சேசிஸ் தண்டு, ஒரு பக்கம் வண்டியைத் தாங்கும் சஸ்பென்ஷன் காற்றுப் பையும் அதன் ரப்பர் குழாய்களும், மேலே கட்டிலைத் தாங்கும் பலகை. முழுச் சுமையோடு மேடு ஏறும்போது டர்போவை (புகையின் விசையில் சுழன்று என்ஜினுக்குள் காற்றை அழுத்தும் கருவி) தாண்டிய புகை 400 டிகிரி செல்சியசைத் தொடும். சைலன்சர் இரண்டு அங்குலம் மேலே ஏறினால்கூட அந்தச் சூடு பலகைக்குப் போகிறது. அதனால் உடலின் நீளமும் விட்டமும் மட்டுமல்ல, வாய்கள் நடுவில் இருக்கின்றனவா, ஓரமாக இருக்கின்றனவா, உள்வாயும் வெளிவாயும் ஒரே முனையிலா எதிரெதிர் முனையிலா என்பதெல்லாம் அசலோடு ஒத்துப்போக வேண்டும்.

பேக் பிரஷர். புகை வெளியேறும்போது எதிர்ப்படும் அழுத்தத்துக்கு என்ஜின் தயாரித்தவர்கள் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். இந்தத் தலைமுறை என்ஜின்கள் பலவற்றுக்கு அது 10 கிலோபாஸ்கல் வாக்கில், அதாவது சுமார் 3 அங்குல பாதரசம். உங்கள் என்ஜினுக்கான சரியான எண் கையேட்டில் இருக்கும். அதைத் தாண்டினால் புகையின் வெப்பம் ஏறும், டர்போ திணறும், டீசல் கூடுதலாகச் செலவாகும். 5 அங்குலக் குழாய் உள்ள வண்டிக்கு "இதுதான் கையிருப்பில் இருக்கு" என்று 4 அங்குல வாய் உள்ள சைலன்சரைக் குறுக்கி மாட்டினால், புகை போகும் வழியின் பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும்.

சத்தம், அதிலும் எந்தச் சத்தம். ஆறு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும்போது நொடிக்கு 75 வெடிப்பு. காதில் அது கனமான 'ஹும்' என்று கேட்கும். படுக்கையறை என்பது அந்தச் சத்தத்துக்கு ஒரு பெரிய மரப்பெட்டி. உள்ளே அறை அறையாகத் தடுத்த சைலன்சர் இந்தத் தாழ்ந்த சத்தத்தை நன்றாக அடக்கும். கண்ணாடி நாரை அடைத்து நடுவில் நேர்குழாய் விட்ட வகை கீச்சுச் சத்தத்தைக் குடிக்கும், ஹும் சத்தத்தைப் பெரிதாகத் தொடாது. டீசல் கரி நாரில் ஏறிவிட்டால் அந்தக் கொஞ்சமும் போய்விடும்.

துரு. இதற்குத் தனியாகவே ஒரு பகுதி தேவை.

மொத்தச் செலவு. கடைச் சீட்டில் உள்ள விலை இல்லை. கழற்றி, மாட்டி, ஆயிரம் கிலோமீட்டர் ஓடி, ஒழுகாமல் இருக்கும்வரை ஆகும் செலவு.

## நின்றே கெடும் பாகம்

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் புகையோடு வெளியேறுகிறது. வண்டி ஓடிக்கொண்டிருந்தால் ஆவி அப்படியே போய்விடும். சைலன்சர் குளிர்ந்திருந்தால் ஆவி அதன் உட்சுவரில் படிந்து, நீராக அடியில் தேங்கும். புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடும், எஞ்சியிருக்கும் கொஞ்சம் கந்தகமும் அதில் கரைந்து லேசான அமிலமாகின்றன. 2006-க்குப் பிறகு சாலை டீசலில் கந்தகம் 15 பி.பி.எம். அளவுக்கு இறங்கிவிட்டது, முன்பு 500 வரை இருந்தது. அந்த வகையில் நமக்கு நல்ல காலம்தான். தண்ணீர் மட்டும் குறையவில்லை.

லாரி தினமும் எட்டுப் பத்து மணிநேரம் ஓடுகிறது. அதன் சைலன்சர் தினமும் உலர்ந்துவிடும். மோட்டார்ஹோம் அப்படியில்லை, ஆறு மாதம் நிற்கிறது. நின்றால்கூடப் பரவாயில்லை. மாதம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து கால் மணி நேரம் சும்மா ஓடவிட்டு அணைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. என்ஜினுக்கு நல்லது என்று நினைத்துச் செய்கிறார்கள். சும்மா ஓடும் டீசல் என்ஜினின் புகைக்குச் சைலன்சரைச் சூடாக்கும் தெம்பு கிடையாது. ஒவ்வொரு தடவையும் உள்ளே புதுத் தண்ணீர்தான் சேர்கிறது. ஓட்ட முடிந்தால் முக்கால் மணி நேரம் சாலையில் ஓட்டுங்கள். முடியாவிட்டால் வசந்தம்வரை தொடாமல் விடுங்கள்.

என் பழைய சைலன்சரைக் கழற்றியதும் அறுத்துப் பார்த்தேன். வெளிப்பக்கம் வெள்ளி நிறப் பூச்சு இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே தடுப்புத் தகடுகளின் கீழ்ப்பாதி பிஸ்கட் போல நொறுங்கிக் கையோடு வந்தது. கரியும் துருவும் குழைந்த சேறு ஒரு பிடி இருந்தது. வெளியில் நான் பார்த்த ஓட்டையோ சுண்டுவிரல் அளவுதான். சைலன்சரில் வெளியே ஓட்டை தெரிகிறது என்றால் உள்ளே வேலை எப்போதோ முடிந்திருக்கும். ஒன்டாரியோவிலும் மிச்சிகனிலும் குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு வெளிப்பக்கத்தையும் தின்னும். ஆனால் கொல்வது பெரும்பாலும் உள்ளிருக்கும் தண்ணீர்தான்.

## வழி 1: ஒட்டுப் போடுவது

புளோரிடாவிலிருந்து திரும்பும் வழியில், 75-ஆம் நெடுஞ்சாலையில் டென்னசி எல்லையை ஒட்டிய ஜெல்லிக்கோ மலை ஏறும்போதுதான் எனக்குச் சத்தம் மாறியது. என் மனைவி பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, "கட்டிலுக்குக் கீழ இருக்கிற மூடி ஓரமெல்லாம் கறுப்பா இருக்கு" என்றார். என்ஜினைத் திறந்து பார்க்கும் மூடி அது. இறங்கியதும் ஒரு லாரி நிறுத்தத்தில் வண்டியை ஓரங்கட்டினேன். சூடு ஆறியபிறகு கம்பித்தூரிகையால் துருவைத் தேய்த்து, வெப்பம் தாங்கும் பசையை அப்பி, மேலே தகட்டைச் சுற்றி இரண்டு கிளாம்ப் போட்டேன். நாற்பது டாலருக்கும் குறைவான செலவு. வீடு வந்து சேரும்வரை தாங்கியது.

ஒட்டு என்பது அவ்வளவுதான், வீடு வந்து சேர்வதற்கு. வெல்டர் ஓட்டைமேல் தகடு வைத்துப் பற்றவைக்கலாம். ஆனால் சுற்றியுள்ள தகடு ஏற்கெனவே காகிதமாகியிருக்கும். பற்றவைத்த விளிம்பிலேயே அடுத்த ஓட்டை விழும். இன்னொன்றும் உண்டு. உள்ளே நொறுங்கிய தடுப்புத் துண்டு நகர்ந்து வெளிவாயை அடைத்தால் பேக் பிரஷர் ஏறும், அது வெளியிலிருந்து தெரியாது. சைலன்சரை ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். திடமாக 'டொங்' என்றால் உள்ளே உறுதியாக இருக்கிறது. கலகலவென்று ஆடினால் ஒட்டுக்குக் கொடுக்கும் காசு வீண்.

ஒட்டு நியாயமான வழியாக இருக்கும் இடங்களும் உண்டு. ஓட்டை சைலன்சரில் இல்லாமல் குழாயில் இருந்தால் அந்தத் துண்டை மட்டும் அறுத்துப் புதுத்துண்டு வைக்கலாம். கசிவு இணைப்பில் இருந்தால் கிளாம்பை மாற்றினாலே போதும். இந்த இரண்டும் நான் நினைத்ததைவிட அடிக்கடி நடக்கின்றன. முதலில் இதைச் சோதியுங்கள்.

கசிவோடு ஓட்டிக்கொண்டே இருக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சைலன்சர் டர்போவுக்கு அப்பால் இருப்பதால் இழுவை குறையாது, உண்மைதான். ஆனால் அதற்கு மேலே மனிதர்கள் தூங்குகிறார்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். ரேடியேட்டர் வாலில் உள்ள வண்டி என்றால், காற்றாடி அந்தக் கரியை என்ஜின் எண்ணெய்ப் புகையோடு சேர்த்து ரேடியேட்டர் இடுக்குகளுக்குள் அடைக்கும். கோடையில் மேடு ஏறும்போது என்ஜின் கொதிக்கும். அந்தச் சுத்தம் செய்யும் கூலி சைலன்சர் மாற்றும் கூலியைத் தொடும்.

## வழி 2: வண்டியோடு வந்த அதே பாகம்

வண்டி எண்ணைக் கொடுத்து, அதே பாகத்தை வாங்கி, அதே போல்ட்டில் மாட்டுவது. பொருத்தம், பேக் பிரஷர், சத்தம் மூன்றும் கேள்விக்கு இடமில்லாமல் சரியாக இருக்கும். ஒரே நாளில் வேலை முடியும். பட்டறைக்காரர் வளைக்கவோ அறுக்கவோ வேண்டியதில்லை.

விலைதான் உறுத்தும். எனக்கு மோட்டார்ஹோம் விற்பனையாளர் சொன்ன விலை 1,100 கனடா டாலர், ஆறு வாரக் காத்திருப்பு. சில பழைய பிராண்டுகள் மூடியே போய்விட்டன, அந்தப் பாகம் இனி வராது.

ஆனால் மோட்டார்ஹோம் கட்டும் நிறுவனங்கள் சைலன்சர் செய்வதில்லை. டொனால்ட்சன், நெல்சன் போன்ற, லாரிகளுக்குச் செய்யும் நிறுவனங்களிடம் வாங்கித்தான் மாட்டினார்கள். சைலன்சரின் உடலில், பெரும்பாலும் முனைத் தகட்டில், அந்த நிறுவனத்தின் எண் பொறித்திருக்கும். கம்பித்தூரிகை வேண்டாம், எண்ணே போய்விடும். டீசலில் நனைத்த துணியால் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். எழுத்து நிழல் விழுந்து தெரியும். அந்த எண்ணோடு லாரிப் பாகக் கடைக்குப் போனால், அதே சைலன்சர் வேறு பெட்டியில் வேறு விலைக்குக் கிடைக்க வாய்ப்பு உண்டு. வழி 2-க்கும் வழி 3-க்கும் நடுவே உள்ள சுவர் பல வண்டிகளில் இந்த ஒரு எண்தான்.

எண் அழிந்திருந்தால் மோட்டார்ஹோம் பிராண்டை விட்டுவிட்டுச் சேசிஸ் செய்தவர்களைக் கேளுங்கள். ஃப்ரைட்லைனர் சேசிஸ் என்றால் தென் கரோலினாவில் காஃப்னி, ஸ்பார்ட்டன் என்றால் மிச்சிகனில் சார்லட். சேசிஸ் எண்ணைச் சொன்னால் அவர்களிடமிருந்து புறப்பட்டபோது என்ன மாட்டியிருந்தது என்று சொல்வார்கள். மேலே வீட்டைக் கட்டியவர்கள் பின்குழாயை வளைத்து மாற்றியிருக்கலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கேட்டலிஸ்ட் உள்ளே இருக்கும் வண்டி, இடம் மிக நெருக்கமான வண்டி, வெல்டிங் தெரிந்த பட்டறை பக்கத்தில் இல்லாத ஊர்: இவற்றுக்கு இதுவே சரி.

## வழி 3: லாரிக் கடையின் பொதுச் சைலன்சர்

நான் கடைசியில் செய்தது இது. அலுமினியப் பூச்சுக் கொடுத்த எஃகு, 10 அங்குல விட்டம், 4 அங்குல வாய். விலை 240 டாலர். வட அமெரிக்காவில் லாரிப் பாகம் விற்கும் எந்த ஊரிலும் கிடைக்கும். அடுத்த தடவை ஜார்ஜியாவில் உடைந்தாலும் அன்றைக்கே கிடைக்கும். வழியில் நிற்கும் வண்டிக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை.

ஆபத்து முழுக்க அளவில் இருக்கிறது. லாரிச் சைலன்சரின் வாய் 4 அங்குலம் என்று போட்டிருந்தால், அது உள்விட்டமா வெளிவிட்டமா என்று கட்டாயம் கேளுங்கள். உள்விட்டம் என்றால் அது குழாய்க்கு மேல் ஏறும். வெளிவிட்டம் என்றால் குழாயோடு முட்டி நிற்கும், நடுவில் இன்னொரு துண்டு தேவைப்படும். நான் முதலில் வாங்கியது வெளிவிட்டம். அதைத் திருப்பி அனுப்ப ஆன செலவும், வண்டி பட்டறையில் இன்னும் இரண்டு நாள் நின்றதும் சேர்ந்து, சைலன்சர் விலையில் பாதி ஆகிவிட்டது. நாடாவை வைத்து அளக்காதீர்கள், வெர்னியர் வைத்து அளங்கள். குழாய் நசுங்கியிருக்கும், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு இடத்தில் அளந்து பாருங்கள்.

அடுத்தது உள்ளமைப்பு. அறை வைத்த வகையைக் கேட்டு வாங்குங்கள். பொதுச் சைலன்சர் அசலைவிட நீளம் குறைவாக இருந்தால் சத்தம் கொஞ்சம் கூடும். சாலை வேகத்தில் தெரியாது, முகாமில் விடிகாலையில் கிளம்பும்போது பக்கத்து வண்டிக்காரருக்குத் தெரியும். அடியில் தண்ணீர் வடியும் சிறு துளை இருந்தால் அது கீழ்நோக்கி வரும்படி மாட்டுங்கள். நான் பார்த்த ஒரு வண்டியில் துளை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பூச்சு எஃகின் பலவீனம் வெட்டிய விளிம்பும் வெல்டிங் செய்த கோடும். அங்கே பூச்சு எரிந்துவிடும், துரு அங்கிருந்துதான் தொடங்கும். அதனால் முடிந்தவரை வெல்டிங் இல்லாமல் கிளாம்ப் வைத்து மாட்டுவது நல்லது.

## வழி 4: ஸ்டெயின்லெஸ் எஃகில் செய்து வாங்குவது

'ஸ்டெயின்லெஸ்' என்று சொன்னால் எந்த ரகம் என்று கேட்க வேண்டும். 409 ரகத்தில் குரோமியம் சுமார் 11 விழுக்காடு. மேலே பழுப்பு படியும், ஆனால் ஓட்டை விழ நெடுங்காலம் ஆகும். காந்தம் ஒட்டும். 304 ரகத்தில் குரோமியம் 18, நிக்கல் 8. பளபளப்பு நிற்கும், காந்தம் பொதுவாக ஒட்டாது. 304-க்கான விலையை வாங்கிக்கொண்டு 409-ஐ மாட்டினால் கண்டுபிடிக்கப் பையில் ஒரு காந்தம் போதும்.

மோட்டார்ஹோமுக்கு என் எண்ணம் 409 போதும் என்பதுதான். வண்டிக்கு அடியில் இருப்பதை யாரும் பளபளப்புக்காகப் பார்ப்பதில்லை. 304-க்கு இன்னொரு பிரச்சினையும் உண்டு. சூட்டில் அது சாதா எஃகைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரியும். 400 டிகிரி ஏறினால் சாதா எஃகுக் குழாய் மீட்டருக்கு 5 மி.மீ. நீளும், 304 குழாய் 7 மி.மீ. வாக்கில் நீளும். என்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்து ஆடுகிறது, சைலன்சர் சேசிஸில் தொங்குகிறது. நடுவில் உள்ள வளையும் பெல்லோஸ் குழாய்தான் இந்த ஆட்டத்தையும் நீட்சியையும் வாங்கிக்கொள்கிறது. பந்தயக் காருக்குக் குழாய் வளைக்கும் பட்டறைகள் அழகாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் ஒரே கோர்வையாக வெல்டிங் செய்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் விரிசல் டர்போவின் வாயிலோ பெல்லோஸ் கழுத்திலோ விழும். பெல்லோஸ் இல்லாத வரைபடத்தை ஏற்காதீர்கள். அதன் இரு முனையும் கழற்றக்கூடிய கிளாம்பாக இருக்கட்டும். நாளைக்கு ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்ற வேண்டும் என்றால் குழாயை அறுக்க வேண்டியிருக்காது.

எனக்கு 409-ல் சொன்ன விலை கூலியோடு 1,900 டாலர். வண்டியைப் பத்து ஆண்டுக்கு மேல் வைத்திருக்கப் போகிறவர்களுக்கும், குளிர்காலத்தில் உப்புச் சாலையில் ஓட்டுபவர்களுக்கும், ஆண்டில் பாதி நாள் வண்டியை நிறுத்தி வைப்பவர்களுக்கும் இது கணக்குக்கு வரும். இரண்டு ஆண்டில் விற்கப் போகிற வண்டிக்கு வராது, வாங்குபவர் அதற்காக ஒரு டாலரும் கூட்டித் தரமாட்டார்.

## வழி 5: சைலன்சரையே எடுத்துவிடுவது

"டர்போவே பாதிச் சத்தத்தை அடக்கிடும், நேர்குழாய் விட்டா மைலேஜ் கூடும்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். டர்போ கொஞ்சம் அடக்கும் என்பது உண்மை. ஆனால் நல்ல நிலையில் உள்ள சைலன்சர் வரம்புக்குள் இருக்கும் அழுத்தத்தைத்தான் தருகிறது. அதை எடுத்தால் கிடைக்கும் லாபம் மோட்டார்ஹோமின் எடைக்கும் காற்றுத் தடைக்கும் முன்னால் தெரியவே தெரியாது. ஒன்டாரியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, வேலை செய்யும் சைலன்சர் இருக்க வேண்டும் என்றும் நேர்குழாய் கூடாது என்றும் வெளிப்படையாகச் சொல்கிறது. கலிபோர்னியாவிலும் அதே மாதிரிச் சட்டம் உண்டு. கம்மின்ஸ் ஐ.எஸ்.எல். போன்ற பெரிய என்ஜின்களில், என்ஜினின் அழுத்தத்தை வைத்தே வேகத்தைக் குறைக்கும் கம்ப்ரஷன் பிரேக் இருக்கும். நேர்குழாயோடு அதைப் போட்டால் ஊரே எழுந்துவிடும். இந்த வழியை நான் எடைபோடவே இல்லை.

## ஒரே பார்வையில்

| | ஒட்டு | அதே பாகம் | பொதுச் சைலன்சர் | 409 ஸ்டெயின்லெஸ் |
|---|---|---|---|---|
| எனக்கு ஆன / சொன்ன விலை (கனடா டாலர்) | 40-க்குள் | 1,100, கூலி தனி | 240, கூலி தனி | 1,900, கூலியோடு |
| பொருத்தம் | கவலை இல்லை | சரியாக உட்காரும் | அளவெடுப்பைப் பொறுத்தது | செய்பவர் கையைப் பொறுத்தது |
| பேக் பிரஷர் | உள்ளே உடைந்திருந்தால் ஆபத்து | சரி | வாய் அளவு ஒத்தால் சரி | கேட்டு வாங்க வேண்டும் |
| படுக்கையறைச் சத்தம் | சில நாள் சரி | பழையபடி | அறை வகை என்றால் நல்லது | உள்ளமைப்பைப் பொறுத்தது |
| ஆயுள் | வாரங்கள், மாதங்கள் | பல ஆண்டுகள் | பல ஆண்டுகள் | மற்ற எல்லாவற்றையும்விட நீளம் |
| காத்திருப்பு | இல்லை | வாரக்கணக்கு | பெரும்பாலும் அன்றே | ஒன்றிரண்டு வாரம் |
| வழியில் கெட்டால் | | கிடைப்பது கடினம் | எங்கும் கிடைக்கும் | திறமையான வெல்டர் தேவை |

## பில்லில் அப்புறம் சேரும் வரிகள்

கனரக வண்டிப் பட்டறையில் இப்போது மணிக்கு 150 டாலருக்குக் குறையாது. என் வண்டிக்குப் பழையதை வெளியே எடுக்க மட்டும் இரண்டு மணி நேரம் போனது, மாட்ட ஒன்றரை. கழற்றுவதுதான் காசு தின்னும் வேலை. இருபது ஆண்டுத் துருவில் போல்ட்டுகள் சுழலாது, முறியும். மூன்று நாள் முன்பே துரு இளக்கும் எண்ணெயைத் தினம் ஒருமுறை நீங்களே அடித்து வையுங்கள். டர்போ பக்கத்துப் போல்ட்டுகளில் மட்டும் முரட்டுத்தனம் வேண்டாம். அங்கே முறிந்தால் டர்போவே இறங்க வேண்டும்.

எனக்கு வேலை செய்த பிராம்ப்டன் பட்டறையின் பஞ்சாபி மெக்கானிக் பழைய சைலன்சரைக் கழற்றவே முயலவில்லை. நேராக அறுத்தார். "எப்படியும் தூக்கிப்போடப் போகிறோம், அதை எதற்குக் காப்பாற்ற வேண்டும்?" என்றார். அந்த ஒரு முடிவில் ஒரு மணி நேரக் கூலி மிச்சம்.

பெல்லோஸ் குழாய், கிளாம்ப், தொங்கவிடும் ரப்பர், வெப்பத் தடுப்புத் தகடு எல்லாம் அதே வயது. சைலன்சரை மட்டும் மாற்றிவிட்டு இவற்றை விட்டால் அடுத்த ஆண்டு இதே கூலியை மறுபடியும் கொடுக்க நேரும். எனக்கு இவை மட்டும் 210 டாலர் ஆயின. கிளாம்பில் கஞ்சம் வேண்டாம். யு வடிவ கிளாம்ப் குழாயை நசுக்கிவிடும், மறுமுறை கழற்ற வராது. அகலப் பட்டை கிளாம்ப் விலை கூட, ஆனால் நசுக்காது, சுற்றிலும் ஒரே சீராக இறுக்கும்.

குழாய்மேல் சுற்றும் வெப்பத்துணியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஈரத்தை உறிஞ்சிக் குழாயோடு ஒட்டி வைத்துக்கொள்ளும், உப்பு ஊரில் குழாயை அதுவே தின்னும். கட்டில் பலகைக்கும் சைலன்சருக்கும் நடுவில் காற்றுவெளி விட்டு ஒரு தகடு வைப்பது மேல்.

இன்னொன்று, பட்டறையின் கதவு. மோட்டார்ஹோமின் உயரம் 12 அடியைத் தாண்டும். நான் விலை கேட்ட ஐந்து இடங்களில் இரண்டில் வண்டி உள்ளேயே போகாது. விலை பேசும் முன் கதவின் உயரத்தைக் கேளுங்கள். 'ஆயுட்கால உத்தரவாதம்' என்று எழுதியிருந்தால் அது சைலன்சருக்கா, கூலிக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். பெரும்பாலும் சைலன்சருக்கு மட்டும்தான்.

## அந்த மூன்று பேருக்கும் சொன்னது

முதலாமவரின் வண்டியில் சைலன்சர் நன்றாகத்தான் இருந்தது, பெல்லோஸ் கிழிந்திருந்தது. பெல்லோஸும் இரண்டு பட்டை கிளாம்பும் போதும் என்றேன்.

இரண்டாமவரின் வண்டியில் கேட்டர்பில்லர் 3126 என்ஜின். வண்டியை அடுத்த ஆண்டு விற்கும் யோசனை. எண்ணைத் துடைத்துப் பார்க்கச் சொன்னேன், தெரிந்தது. அதே அளவில் பூச்சு எஃகுப் பொதுச் சைலன்சர் அவருக்குச் சரி.

மூன்றாமவர் ஓய்வுபெற்று, வண்டியிலேயே பாதி ஆண்டு வாழப் போகிறவர், மீதிப் பாதி வண்டி திறந்தவெளியில் நிற்கும். அவருக்கு 409, பெல்லோஸோடு, கழற்றும்படி. பின்குழாய் இடப்பக்கமாகவே வெளியே போகட்டும் என்றும் சொன்னேன். வாசலும் நாற்காலி போடும் இடமும் வலப்பக்கம். பின்னால் கார் இழுத்துச் செல்கிறவர் என்பதால் குழாயின் முனையைக் கொஞ்சம் வெளிப்புறமாகத் திருப்பச் சொன்னேன், இல்லாவிட்டால் காரின் முகப்பு முழுக்கக் கரி படியும்.

எதை மாட்டினாலும், முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும் வண்டி ஆறியபிறகு ஒருமுறை கீழே போய்க் கிளாம்புகளை மறுபடி இறுக்குங்கள். சூடேறி ஆறும்போது அவை கொஞ்சம் தளரும். டார்ச்சை ஒவ்வோர் இணைப்பையும் சுற்றிக் காட்டுங்கள். கறுப்புக் கோடு ஏதாவது வழிந்திருந்தால் அங்கே கசிகிறது. அப்புறம் மேலே ஏறி, கட்டிலுக்குக் கீழுள்ள மூடியின் ஓரத்தில் வெள்ளைத் துணி ஒன்றை வைத்துவிட்டு அடுத்த பயணத்துக்குக் கிளம்புங்கள். திரும்பி வரும்போதும் துணி வெள்ளையாக இருந்தால் மூடியின் ரப்பரும் சரியாக இருக்கிறது.